இடது கை முதலில்

டேபிள் டென்னிஸ் மேல் எனக்கு எந்த ஆசையும் கிடையாது. எனக்கு வேண்டியது ஜெனரல் ஷிஃப்ட். டேபிள் டென்னிஸ் ஆடினால் அது கிடைக்கும் என்று கம்பெனி சொன்னது, ஆடினேன். நீச்சல் அடித்தால் கிடைக்கும் என்று சொல்லியிருந்தால் மணிமங்கலம் ஏரியில் குதித்திருப்பேன்.

என் பெயர் ஹேமந்த். ஒரகடத்தில் கார் கதவுக்குக் கீல் செய்யும் கம்பெனியில், தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மிஷினுக்கு ஆபரேட்டர். என் மனைவி அறிவுமதிக்குப் பிள்ளைப்பாக்கத்தில் வேலை. செல்போனுக்குள் போகிற பொடிப்பொடி பாகங்களை லென்ஸுக்கு அடியில் பிடித்து, விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லதை வலப்பக்க ட்ரேயிலும் கெட்டதை இடப்பக்க ட்ரேயிலும் போடுவாள். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. நான் வைத்த ரசம் சரியில்லை என்றால், "லெஃப்ட் ட்ரே" என்று ஒரு வார்த்தைதான்.

இரண்டு பேருக்கும் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். எனக்குக் காலை வரும் வாரம் அவளுக்கு மதியம். எனக்கு மதியம் வந்தால் அவளுக்கு இரவு. எனக்கு இரவு வந்தால் அவளுக்குக் காலை. இரண்டு கம்பெனியும் உட்கார்ந்து பேசி எங்களைப் பழிவாங்கத் திட்டம் போட்டதுபோலக் கல்யாணமான நாளிலிருந்து இதே சுற்றுதான். லீவு நாளும் ஒத்துவராது. எனக்கு ஞாயிறு, அவளுக்கு முறை வைத்து என்றைக்காவது. நான் எங்கள் எச்.ஆரில் கேட்டேன், அவள் அவர்கள் எச்.ஆரில் கேட்டாள். "ஒருத்தருக்கு மாத்துனா எல்லாரும் வந்து நிப்பாங்க" என்று இரண்டு இடத்திலும் ஒரே பதில்.

படப்பையில் புதிதாக மனை பிரித்த இடத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கிறோம். வீட்டில் எந்நேரமும் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்போம், இன்னொருவர் திருடன் மாதிரி நடந்துகொண்டிருப்போம். கல்யாணத்துக்கு வந்த குக்கரைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாகிவிட்டது. விசில் அடித்தால் தூங்குகிறவர் எழுந்துவிடுவார், அதனால் வடித்த சோறுதான். அறிவுக்குப் பகல் வெளிச்சத்தில் தூக்கம் வராது. தலையிலிருந்து கால்வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு படுப்பாள். கல்யாணமானதிலிருந்து நான் அதிகம் பார்த்தது அந்தப் போர்வையைத்தான். சொந்தக்காரர்கள் எதிரில் வந்தால், "இன்னும் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லக்கூட எனக்குத் தெம்பு இருக்காது. சிரித்து வைப்பேன்.

எங்களுக்கு ஒரே சாவி. அவள் மதிய ஷிஃப்ட் போகும் வாரத்தில், வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வருவாள். நான் காலை ஷிஃப்ட் முடிந்து எங்கள் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவேன். சாவி கை மாறும். அவள் கம்பெனி பஸ் வரும்வரை கொஞ்ச நேரம் நிற்போம். காய் என்ன இருக்கிறது, கேஸ் தீர்ந்ததா, அம்மா போன் செய்தாளா என்று பேசுவோம். பஸ் வந்ததும் அவள் ஏறிவிடுவாள். இன்னொரு சாவி அடித்துவிடலாம் என்று ஒருமுறை சொன்னேன்.

"வேணாம்பா. சாவி குடுக்கவாச்சும் பாத்துக்கிறோம்ல" என்றாள்.

அப்பிரண்டிஸ் ட்ரெய்னிங்கில் ஒரே பேட்ச் நாங்கள். அப்போதிருந்தே 'வா, போ'தான். அந்த நாட்களில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம்.

இந்த நிலைமையில்தான் கேன்டீன் நோட்டீஸ் போர்டில் அந்தத் தாளை ஒட்டினார்கள். சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கு இடையே டேபிள் டென்னிஸ் போட்டி. எங்கள் டீமில் ஓர் இடம் காலி. தேர்வாகிறவர்களுக்குச் சாயங்காலம் பயிற்சி, ஆகவே போட்டி முடியும்வரை மூன்று மாதம் ஜெனரல் ஷிஃப்ட். கையில் சாப்பாட்டுத் தட்டோடு அதை நின்று படித்தேன். சாம்பார் ஆறிப் போகும்வரை படித்தேன். நான் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டால், அவளுடைய சுற்றில் மூன்று வாரத்துக்கு இரண்டு வாரம் நாங்கள் ஒன்றாகச் சாப்பிடலாம். இரண்டு பேரும் விழித்திருக்கும்போது.

ஹாஸ்டலில் இருந்த காலத்தில் நான் சுமாராக ஆடுவேன். எதிரில் வருகிற பந்தைத் திருப்பி அடிப்பதில் குறை ஒன்றும் இல்லை. பெயர் கொடுத்தேன். எச்.ஆரில் விளையாட்டுப் பக்கத்தைப் பார்க்கும் ரகுபதி சார், கேன்டீன் மாடியில் இருக்கும் டேபிளுக்குப் பக்கத்தில் நின்று என் ஆட்டத்தைப் பார்த்தார். நடுவருக்கான ஒரு நாள் வகுப்புக்குப் போய்வந்தவர் அவர். சட்டம் என்றால் சட்டம்தான்.

"ஹேமந்த், உங்க சர்வீஸ் முழுக்க ஃபால்ட்" என்றார். "பந்து திறந்த உள்ளங்கையில நிக்கணும். மேல தூக்கிப் போடணும். முக்கால் சாண் உயரமாவது எழும்பணும். இறங்கும்போதுதான் பேட் படணும். நீங்க பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே அடிச்சிடறீங்க. கேன்டீன்ல யாரும் கேக்க மாட்டாங்க. போட்டியில ஒரு தடவை வார்னிங். அடுத்த தடவை பாயின்ட் எதிராளிக்கு."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. தூக்கிப் போடு, பொறு, அடி. செல்போனில் வீடியோ போட்டுப் பார்த்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அதில் ஆடுகிறவனின் இடது கை பந்தை மேலே அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வலது கை அவசரமே இல்லாமல் பின்னால் காத்திருக்கும். எனக்கோ இடது கை எழும்பினால் வலது கையும் கூடவே எழும்பியது. திட்டிப் பார்த்தேன், எண்ணிப் பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டும் செய்து பார்த்தேன். டக்கென்று இரண்டும் ஒன்றாகத்தான் போய் நின்றன.

எப்போதாவது இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வரும் லீவு ஒன்று அந்த வாரம் வந்தது. அறிவு தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் சுவர் ஓரமாக நின்று பந்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன். பந்து பீரோவுக்கு அடியில் போகும், குனிந்து எடுப்பேன், மறுபடி போடுவேன்.

"இரு. இன்னொரு வாட்டி போடு" என்றாள்.

போட்டேன்.

"ரெண்டு கையும் ஒண்ணா எழுந்துக்குது."

"அது எனக்கே தெரியும். ஏன்னுதான் தெரியல."

"இன்னாப்பா இப்டி கேக்குற? நீ தூங்கும்போதும் இதான பண்ற" என்றாள். "ரெண்டு கையும் ஒண்ணா தூக்குவ, ஒண்ணா பாய் மேல அமுக்குவ. அப்புறம் எதையோ எடுத்து வெப்ப. திரும்ப அமுக்குவ. சில நாளு அந்த அமுக்குல நான் எழுந்து உக்காந்துகினு பாத்துகினு இருப்பேன்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எத்தினி நாளா?"

"கல்யாணம் ஆன நாளா."

"ஏன் சொல்லல?"

"சொல்லி? தூக்கத்துல பாத்த வேலைக்கு ஓ.டி. குடுக்கப் போறானா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பிரஸ்ஸில் இரண்டு பச்சைப் பட்டன்கள் உண்டு, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. தகட்டை அச்சில் வைத்துவிட்டுக் கையை வெளியே எடுத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். ஒரு கை கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பிரஸ் இறங்காது. கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால்தான் இரண்டு கையும் பத்திரம். நல்ல ஏற்பாடுதான், என் பத்து விரலும் அதனால்தான் இருக்கின்றன. ஆனால் ஷிஃப்ட் முழுக்க, வருஷக்கணக்காக அதையே செய்ததில் என் இரண்டு கைகளும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி ஆகிவிட்டன. ஒன்றை விட்டு ஒன்று எங்கும் போகாது. எங்கள் வீட்டில் சேர்ந்தே இருந்தவை அவை இரண்டும்தான்.

அறிவு எழுந்து போய் ஓர் எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் பிடித்துவந்தாள். என் வலது கையில் இருந்த பேட்டைப் பிடுங்கிவிட்டு டம்ளரைக் கொடுத்தாள்.

"இத்த புடிச்சிகினு இடது கையால பந்தைப் போடு. தண்ணி தளும்பக் கூடாது."

போட்டேன். பந்து எழும்பியது. தண்ணீர் என் சட்டையெல்லாம் கொட்டியது.

"லெஃப்ட் ட்ரே" என்றாள் அறிவு. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

அதிலிருந்து அதுதான் என் பயிற்சி. அவள் போர்வைக்குள் தூங்கும்போது, பந்து தரையில் விழாமல் தூக்கிப் போட்டுப் பிடிப்பேன், மறு கையில் டம்ளரோடு. ஷிஃப்ட் முடிந்து வந்து, கால் கெஞ்சும்போதும் போட்டேன். இடுப்பு வலித்தால் சுவரில் சாய்ந்துகொண்டு போட்டேன். மாடிப் படிவரை வழிந்த ஈரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறதா என்று கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தளும்புவது குறைந்தது. பிறகு நின்றது. வலது கை, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோலச் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டது.

டம்ளரை வைத்துவிட்டு பேட்டை எடுத்தபோது எனக்கே ஆச்சரியம். பந்து மேலே போய், ஒரு கணம் நின்று, இறங்கியது. அது இறங்கி வரும்வரை எனக்கு நேரம் இருந்தது. பந்தின் அடிவயிற்றைச் சீவினால் போதும் என்று வீடியோவில் சொன்னது அப்போதுதான் கைக்குப் புரிந்தது. அடுத்த நாள் கேன்டீன் மாடியில் அந்த சர்வைப் போட்டேன். வலையைத் தாண்டி விழுந்த பந்து அங்கேயே தயங்கி, வலைப் பக்கமே திரும்பி வந்தது.

எதிரில் நின்றவன் தளவாய். மெயின்டனன்ஸ் ஃபிட்டர், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். வாய் பிளந்து பார்த்தான்.

"ஏ அண்ணாச்சி, என்ன மாயம் பண்ணுனிய? பந்து ஒங்ககிட்டயே திரும்பி ஓடுதே!"

தளவாய்க்கு இந்த ஆட்டத்தின் மேல் உண்மையான பைத்தியம். சொந்த பேட் வைத்திருந்தான், அதற்கு உறை வைத்திருந்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தோற்று விலகியதும், அந்த ஓர் இடத்துக்கு மிஞ்சியது நானும் அவனும்தான். வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்ததும் எங்கள் இருவருக்கும் மேட்ச் என்று ரகுபதி சார் சொன்னார்.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் பிரஸ் மக்கர் செய்ய ஆரம்பித்தது. தகட்டை வைப்பேன், பட்டனை அமுக்குவேன், பிரஸ் இறங்காது. கையை எடுத்து மறுபடி அமுக்குவேன், இறங்கும். அடுத்ததற்கு மறுபடி நிற்கும். என் லைனில் பிளாஸ்டிக் பெட்டிகள் நிரம்பாமல் காத்துக் கிடந்தன. சூப்பர்வைசர் சிவசங்கர் வந்து பின்னால் நின்றார்.

"இன்னாய்யா, மிஷின் தூங்குதா, நீ தூங்குறியா?"

"பட்டன்ல ஏதோ பிரச்சினை சார்."

மெயின்டனன்ஸுக்குச் சொல்லி அனுப்பினார். வந்தவன் தளவாய். பட்டன் பெட்டியைக் கழற்றினான், துடைத்தான், ஒயரை ஆட்டிப் பார்த்தான், மூடினான். தானே நின்று தகடு வைத்து அடித்துப் பார்த்தான். பிரஸ் ஒழுங்காக இறங்கியது. பிறகு என்னை அடிக்கச் சொல்லி என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். சிவசங்கர் நகர்ந்ததும் குனிந்து சொன்னான்.

"அண்ணாச்சி, மிஷின்ல ஒண்ணும் இல்ல. ஒங்க இடது கை முந்திக்கிட்டுப் போகுது. வலது கை சாவகாசமா பின்னால வருது."

நான் என் கைகளைப் பார்த்தேன்.

"சர்வீஸ் நல்லாப் படிஞ்சிருச்சுன்னு அர்த்தம்" என்றான் சிரித்துக்கொண்டே. "ஆனா சோறு போடுறது இந்தப் பட்டன்லா? பாத்துக்கிடுங்க."

சிவசங்கரிடம் போய், பட்டனில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, துடைத்துவிட்டேன் என்றான். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவனை வெறுக்க ஒரு காரணமாவது கிடைத்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. கிடைக்கவில்லை.

பட்டனைத் துடைத்தும் என் லைன் தேறவில்லை. வியாழக்கிழமை சிவசங்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்துகிற தெம்பு அவருக்கும் இல்லை என்று நினைக்கிறேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மேல இருந்து என்னை வறுத்து எடுக்கிறானுங்க ஹேமந்த். நாளைக்கு லோடு போயே ஆவணும். டார்கெட்டை முடிச்சிட்டு நீ மேட்ச் ஆடு, டான்ஸ் ஆடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். முடியலேன்னா, ஷிஃப்ட் முடிஞ்சும் ஓ.டி.ல நின்னு முடிச்சிக் குடுத்துட்டுத்தான் போவணும்."

ஓ.டி. நின்றால் மேட்ச் போச்சு. மேட்ச் போனால் ஜெனரல் ஷிஃப்ட் போச்சு. வெள்ளிக்கிழமை காலை பிரஸ் முன்னால் நின்றபோது எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. இரண்டு கைகளையும் மறுபடி ஒட்டவைக்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் இடது கையை வலுக்கட்டாயமாகப் பிடித்து நிறுத்தினேன். வாய்க்குள் 'ஒண்ணா, ஒண்ணா' என்று சொல்லிக்கொண்டே அமுக்கினேன். அப்புறம் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. கைகளுக்குப் பழைய வீடு ஞாபகம் வந்துவிட்டது. டீ குடிக்கப் போகவில்லை. பாத்ரூம் போகவில்லை. தகடு, பட்டன், தகடு, பட்டன். பெட்டிகள் நிரம்பி நிரம்பி நகர்ந்தன. ஷிஃப்ட் முடியும் மணி அடிப்பதற்குள் டார்கெட்டைத் தாண்டிவிட்டேன்.

சிவசங்கர் என் தோளைத் தட்டினார். "பார்ரா, மனசு வெச்சா வருதுல்ல? போ, ஜெயிச்சிட்டு வா."

கேன்டீன் மாடிக்கு ஏறினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு பேட்டை எடுத்தேன். ஷிஃப்ட் முடிந்தவர்களில் பஸ்ஸை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றவர்கள் கொஞ்சம் பேர். ரகுபதி சார் டேபிளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

முதல் கேமில் என் முதல் சர்வையே நிறுத்தினார். "வார்னிங். பந்து எழும்பல."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்வுக்கும் முன்னால் வலது கையில் டம்ளர் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். விளிம்புவரை தண்ணீர். அறிவு எதிரில் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். அப்படி நினைத்தால் கை நின்றது. பந்து எழும்பியது, இறங்கியது, வலைக்குப் பக்கத்தில் விழுந்து தயங்கியது. தளவாய் இரண்டு கேம் எடுத்தான், நான் இரண்டு கேம் எடுத்தேன். கடைசி கேம் பத்துக்குப் பத்து.

அதிலிருந்து ஆளுக்கு ஒரு சர்வ். தளவாய் போட்டான், நீளமாக அடித்துக்கொண்டே போனோம், என் பந்து வெளியே போயிற்று. அவன் பதினொன்று, நான் பத்து. அடுத்த சர்வ் என்னுடையது. இதை இழந்தால் எல்லாம் முடிந்தது. பந்தை உள்ளங்கையில் வைத்தேன். டம்ளரை நினைத்தேன். நினைத்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் காலையிலிருந்து நின்ற கால்கள், தூக்கம் போதாத கண், காதில் இன்னும் பிரஸ் இறங்கும் சத்தம். என்ன நடந்ததென்று எனக்குத் தெரிவதற்குள் இரண்டு கைகளும் ஒன்றாக எழுந்து, ஒன்றாகப் போய், டக்கென்று சேர்ந்து நின்றன. பட்டனை அமுக்கிய மாதிரி. துல்லியமாக. அதுவே பிரஸ்ஸாக இருந்திருந்தால் ஒரு நல்ல கீல் வந்திருக்கும்.

"ஃபால்ட்" என்றார் ரகுபதி சார். "பாயின்ட் தளவாய்க்கு. மேட்ச்."

யாரும் கை தட்டவில்லை. தளவாய்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"சார், இப்படி முடிக்காண்டாம் சார். அண்ணாச்சி இன்னொரு தடவை போடட்டும், ஆடிப் பாத்துக்கிடுதோம்."

ரகுபதி சார் தலையாட்டி மறுத்தார். நானும் வேண்டாம் என்றேன். அவர் சொன்னது சரிதான். பந்து எழும்பவே இல்லை, அது எனக்கும் தெரியும். தளவாயின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கண்ணில் தெரிந்த சந்தோஷத்தை மறைத்துக்கொள்ள அவன் பட்ட பாட்டைப் பார்த்ததும், "சிரிடா, தப்பில்ல" என்றேன். பிறகு படிக்கட்டில் இறங்கி வரும்போது எனக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்காதபடி கைக்குட்டையால் வியர்வை துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன்.

கம்பெனி பஸ் எப்போதோ போயிருந்தது. ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு படப்பைக்கு வந்தேன். அறிவுக்கு அன்று மதிய ஷிஃப்ட். என்னைப் பார்க்க முடியாது என்பதால் சாவியை ஸ்டாப்புக்கு எதிரில் இருக்கும் மெடிக்கல் ஷாப்பில் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி ரோட்டைத் தாண்டப் போனேன். நிழற்குடைக்குள் அறிவு உட்கார்ந்திருந்தாள். யூனிஃபார்ம் போட்டு, ஐடி கார்டு மாட்டி, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு.

"இன்னா, பஸ் வரலியா?"

"வந்துச்சு, போச்சு."

"நீ ஏறல?"

"ஏறல." சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஜெயிச்சா யார்கிட்ட சொல்லுவ, தோத்தா யார்கிட்ட சொல்லுவ? மெடிக்கல்காரர்கிட்டயா?"

"லீவ் சொல்லாம நின்னா திட்டுவாங்களே."

"திட்டட்டும். நாளைக்குத்தான திட்டுவாங்க."

"தோத்துட்டேன் அறிவு."

"மூஞ்சிலயே எழுதிக் கீது."

"கடைசி சர்வு. ரெண்டு கையும் ஒண்ணா எழுந்துடுச்சு."

அவள் 'லெஃப்ட் ட்ரே' என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அவள் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரண்மேல் இருந்து குக்கரை இறக்கினாள். துணியை அவிழ்த்து, தூசி தட்டி, கழுவினாள்.

"இத்த இன்னாத்துக்கு?"

"ரெண்டு பேரும் முழிச்சிகினுதான கீறோம்? சத்தம் வந்தா வரட்டுமே."

பருப்பும் அரிசியும் ஒன்றாகப் போட்டு ஏற்றினாள். நாங்கள் இரண்டு பேரும் அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டோம். வெகு நேரம் புஸ்புஸ்ஸென்று முனகிக்கொண்டிருந்த குக்கர், திடீரென்று வீடே அதிரும்படி விசில் அடித்தது. அறிவு காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது விசிலுக்கு நானும் சிரித்தேன். கீழ் வீட்டுக்காரம்மா மாடிப் படியில் நின்று, "இன்னாம்மா, உங்க வூட்லயா குக்கர்?" என்று குரல் கொடுத்தார்கள்.

சூடாகச் சாப்பிட்டோம். ஒரே நேரத்தில், ஒரே பாயில் உட்கார்ந்து, ஒருவருக்கு ஒருவர் பரிமாறிக்கொண்டு. வெளியே இன்னும் வெயில் முழுதாக இறங்கவில்லை. பேச எவ்வளவோ இருந்தது. மூன்று மாதம் கிடைத்தால் என்னென்ன பேச வேண்டும் என்று நான் மனதில் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது, எதிலிருந்து தொடங்குவது? அவள் தொடங்கினாள். அவர்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், முதல் நாளே நல்லதையும் கெட்டதையும் ஒரே ட்ரேயில் போட்டுவிட்டாளாம். "அப்புறம் இன்னாச்சுன்னா..." என்றாள் அறிவு. அவ்வளவுதான். அப்படியே பாயில் சாய்ந்து தூங்கிவிட்டாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை.

போர்வை எடுத்துப் போர்த்தலாம் என்று எழுந்தேன். ஜன்னல் வழியாக வெயில் அவள் மேல் விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவள் வலது கையைப் பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ கிள்ளி எடுத்தன. இப்படித் திருப்பின, அப்படித் திருப்பின, கொஞ்சம் நிதானித்தன. பிறகு கை வலப்பக்கம் நகர்ந்து அதை வைத்தது. திரும்பி வந்து அடுத்ததை எடுத்தது. சிலவற்றை இடப்பக்கம் தள்ளியது. போர்வைக்குள்ளே இத்தனை நாளும் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. தூக்கத்தில் வேலை செய்கிற ஆள் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவளும் சொல்லிக்கொள்ளவில்லை, அவளுக்கே தெரியாது.

எழுப்பலாமா என்று யோசித்தேன். எழுப்பினால் பேசலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுப்ப மனசு வரவில்லை. போர்வையை அப்படியே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் படுத்தேன். கை மறுபடி எதையோ தேடி வந்தபோது, என் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்தேன்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் திருப்பினாள். தகடு கீறிய தழும்பு ஒன்று அந்த விரலில் இருக்கிறது, அங்கே வந்ததும் நிதானித்தாள். புருவம் லேசாகச் சுருங்கியது. தூங்குகிறாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மேட்ச்சில்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

பிறகு மெதுவாக, ரொம்பப் பத்திரமாக, வலப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள்.

அதற்கப்புறம் அடுத்ததை எடுக்கக் கை போகவில்லை. என் விரலைப் பிடித்தபடியே நின்றுவிட்டது. நானும் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே கண்ணை மூடினேன்.